உயர்ந்த காலும் அடைத்த செவியும்

செருக்கோடு நடப்பவனைச் சுட்டுவதற்குச் சீன மொழியில் 'ஜி காவ் சி யாங்' என்றொரு நான்கெழுத்து மரபுத்தொடர் உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கால் உயர, உயிர்ப்பு எழ' என்று வரும். தற்பெருமை தலைக்கேறி, பிறரை மதியாது நடந்துகொள்ளும் தோரணை என்பது இதற்கு அகராதிகள் தரும் பொருள். பொருள் பிழையானதன்று; ஆனால் முழுமையானதும் அன்று. இத்தொடர் பிறந்த கதையைத் தேடிச் சென்றால், அங்கே ஒரு மனிதனின் கால் உயர்ந்தது உண்மைதான். அவனை வீழ்த்தியது வேறொன்று. பிறர் சொல்லுக்கு அவன் செவியை அடைத்துக்கொண்டான். அகராதி காலைக் காத்துவைத்துச் செவியைத் தொலைத்துவிட்டது. அந்த இழப்பு வெறும் சொற்பொருள் வரலாற்றுச் செய்தியாக நின்றுவிடுவதில்லை. நிமிர்ந்து நடப்போரையெல்லாம் செருக்கர் எனத் தீர்ப்பிடும் வழக்கத்துக்கு அது துணைபோகிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

முதலில் தொடரின் அமைப்பைக் காணலாம். சீனத்தில் இவ்வகை மரபுத்தொடர்களைச் 'செங்யூ' என்பர். பெரும்பாலானவை நான்கு எழுத்துகளால் ஆனவை. பழஞ்சீன இலக்கணப்படி இயங்குபவை. பல, ஏதேனுமொரு பழைய நூலின் நிகழ்ச்சியை அடக்கிவைத்திருப்பவை. இத்தொடரில் இரண்டு எழுவாய்கள், இரண்டு பயனிலைகள். 'ஜி' என்றால் கால், 'காவ்' என்றால் உயர்தல். 'சி' என்றால் மூச்சு, உயிர்ப்பு, மனவெழுச்சி, 'யாங்' என்றால் மேலெழுதல். முன்பாதி உடலைச் சொல்கிறது. பின்பாதி உள்ளத்தைச் சொல்கிறது. இரண்டையும் இணைக்கும் இடைச்சொல் எதுவும் இல்லை. உடல் இப்படி இருந்தால் உள்ளமும் இப்படித்தான் இருக்கும் என்னும் முடிவு, அந்த அடுக்கிலேயே பேசாமல் அடங்கியிருக்கிறது.

'ஜி' என்ற எழுத்தின் வரலாறும் சுவையானது. இன்றைய சீனத்தில் அது கால்விரலைக் குறிக்கும். பழஞ்சீனத்தில் பாதத்தையே குறித்தது. அதன் ஓர் உறுப்பாக நிற்கும் எழுத்து, தொடக்கத்தில் பாதத்தின் ஓவியமாகவே வரையப்பட்டது. நாளடைவில் அந்த ஓவிய எழுத்து 'நில்', 'நிறுத்து' என்ற பொருளுக்குப் பெயர்ந்துபோகவே, பழைய பொருளைக் காக்கக் கால் என்னும் குறியையும் சேர்த்துப் புதிய எழுத்து உருவாயிற்று. ஆக, உயர்ந்து நடக்கும் அந்தக் காலுக்குள்ளேயே 'நில்' என்ற சொல்லும் ஒளிந்திருக்கிறது. இனி வரும் கதையின் சிக்கலும் அதுவே: நில் என்று சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள், சொல்ல விடப்படவில்லை.

கதை 'சோ ஜுவான்' என்னும் நூலில் உள்ளது. லூ நாட்டின் ஆண்டுக்குறிப்புகளான 'வசந்தமும் இலையுதிரும்' என்ற நூலுக்கு விரிவுரையாக வழங்கிவரும் இது, பொ.ஆ.மு. 4ஆம் நூற்றாண்டு அளவில் தொகுக்கப்பட்டது என்பது பல அறிஞர்களின் கணிப்பு. நிகழ்ச்சியோ பொ.ஆ.மு. 699ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்றைய ஹுபெய் மாகாணப் பகுதியில் வலுப்பெற்றுக்கொண்டிருந்த சூ நாட்டின் படைத்தலைவன் சியூ ஷியா, லுவோ என்ற சிறு நாட்டின்மீது படையெடுத்துப் புறப்படுகிறான். அவன் வகித்தது 'மோ ஆவ்' என்னும் உயர்பதவி. அவனை வழியனுப்பிவிட்டுத் திரும்பும் அமைச்சர் தோவ் போபி, தம் தேரோட்டியிடம் இந்தப் படைத்தலைவன் தோற்பது உறுதி என்கிறார். காரணம் இரண்டு: அவன் காலை உயர்த்தி உயர்த்தி வைக்கிறான், அவன் மனம் உறுதியாக நிலைகொள்ளவில்லை. மரபுத்தொடரின் முன்பாதி இங்கிருந்து வந்தது. மனம் நிலைகொள்ளவில்லை என்ற நோயறிதல் தொடருக்குள் வரவில்லை; அந்த இடத்தை 'உயிர்ப்பு எழ' என்ற வேறொரு குறி பிடித்துக்கொண்டது.

சியூ ஷியாவின் கால் ஏன் உயர்ந்தது என்பதை அறிய இரண்டு ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும். பொ.ஆ.மு. 701இல் யுன் நாட்டுப் படை பூசாவ் என்னுமிடத்தில் முகாமிட்டு, வேறு நான்கு நாடுகளின் துணையை எதிர்பார்த்துக் காத்திருந்தது. அன்று சியூ ஷியா கலங்கிப்போனான். நால்வர் வந்து சேரும் முன் இரவில் யுன் படையைத் தாக்கிவிடலாம், அவர்கள் காவலின்றி இருக்கிறார்கள் என்று வழி சொன்னவர் தோவ் லியான் என்பவர். அரசரிடம் கூடுதல் படை கேட்கலாமே என்றான் சியூ ஷியா. வெற்றி எண்ணிக்கையில் இல்லை, ஒற்றுமையில் இருக்கிறது என்றார் அவர். குறி பார்க்கலாமே என்றான். ஐயம் இருந்தால்தானே குறி தேவை என்றார் அவர். தாக்கினார்கள், வென்றார்கள். பூசாவ் வெற்றி சியூ ஷியாவின் பெயரில் நின்றது. அதன் அறிவோ, அவன் அன்று கேட்டுக்கொண்ட இன்னொருவருடைய சொல்லில் இருந்தது.

அடுத்த ஆண்டு, பொ.ஆ.மு. 700இல், ஜியாவ் நாட்டின்மீது போர். இம்முறை சூழ்ச்சி சியூ ஷியாவினுடையதே. ஜியாவ் சிறிய நாடு, அங்குள்ளவர்கள் அவசரக்காரர்கள், அவசரக்காரர்களிடம் ஆழ்ந்த திட்டம் இருக்காது என்று அவன் கணித்தான். விறகு வெட்டுவோரைக் காவலின்றி அனுப்பி அவர்களைத் தூண்டிலாக்கினான். முதல் நாள் 30 பேரைப் பிடித்த ஜியாவ் மக்கள், மறுநாள் முண்டியடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பதுங்கியிருந்த படையிடம் சிக்கினார்கள். கோட்டைச் சுவரின் அடியிலேயே பணிந்து உடன்படிக்கை செய்ய நேர்ந்தது. கவனமின்மை எப்படி அழிவைத் தரும் என்பதை இரண்டு போர்களில் இரண்டு பகைவரிடம் கண்ணால் கண்டவன் சியூ ஷியா. ஆனால் அதைப் பகைவரின் குறையாக மட்டுமே அவன் கற்றுக்கொண்டான். அதே போரின்போது சூ படை ஆற்றைக் கடக்கையில், லுவோ நாட்டார் ஒற்றரை அனுப்பி அதன் எண்ணிக்கையை மூன்று முறை கணக்கெடுத்ததாகவும் நூல் குறிக்கிறது. வென்றவன் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த வேளையில், அடுத்துத் தாக்கப்படவிருந்தவர்கள் அவன் படையை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இனி 699க்குத் திரும்பலாம். தோவ் போபி அரசர் வூவிடம் சென்று, படைக்கு வலுச்சேர்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறார். அரசர் மறுத்துவிட்டு, உள்ளே சென்று துணைவி தெங் மானிடம் இதைச் சொல்கிறார். மொழியியல் பயில்வோர் நின்று படிக்க வேண்டிய இடம் இது. தெங் மான் அந்தச் சொற்களின் நேர்ப்பொருளை விட்டுவிட்டுச் சொன்னவரின் கருத்தைத் தேடுகிறார். சூ நாட்டின் படை முழுவதும் ஏற்கெனவே சென்றுவிட்டது என்பது அமைச்சருக்குத் தெரியாதா? தெரிந்தும் கூடுதல் படை கேட்கிறார் என்றால், அவர் கேட்பது படையை அன்று. மக்களை நம்பிக்கையால் அணைத்து, அதிகாரிகளை நற்பண்பால் பயிற்றி, படைத்தலைவனைத் தண்டனை அச்சத்தால் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்பதே அவர் சொல்ல வந்தது. பூசாவ் வெற்றியில் பழகிப்போன அவன் இனித் தன் மனம்போன போக்கில் நடப்பான். லுவோவைச் சிறிதாக எண்ணுவான். காவல் ஏற்பாடுகூடச் செய்யமாட்டான். இது தெங் மானின் விளக்கம்.

சொல்லப்பட்டதற்கும் உணர்த்தப்பட்டதற்கும் இடையிலுள்ள தொலைவைப் பயன்வழியியல் 20ஆம் நூற்றாண்டில் தனித்துறையாகவே ஆராயத் தொடங்கியது. பேசுபவர் வெளிப்படையாகப் பொருந்தாத ஒன்றைச் சொல்லும்போது, கேட்பவர் அதன் பின்னுள்ள கருத்தைத் தேட வேண்டும் என்பது அத்துறையின் அடிப்படைகளுள் ஒன்று. தெங் மான் செய்தது அதுவே. இக்கதையில் ஒருவர் காலைப் படித்தார். இன்னொருவர் சொல்லைப் படித்தார். காலைப் படித்தவரின் கணிப்பு மரபுத்தொடராகிப் புகழ்பெற்றது. சொல்லைப் படித்தவரின் விளக்கமோ கதையைத் தேடிச் செல்பவருக்கு மட்டுமே கிடைக்கிறது. ஆனால் காரணத்தைச் சொன்னவர் தெங் மான்தான். கால் உயர்ந்தது அறிகுறி. வெற்றிக்குப் பழகியதும், தன் முடிவே முடிவென்று கொண்டதும், எதிரியைச் சிறிதாக எண்ணியதும் நோய்.

அரசர் ஆள் அனுப்பிப் படையைத் தடுக்கப் பார்த்தார்; அவனால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. அதற்குள் சியூ ஷியா தன் படையெங்கும் ஓர் ஆணையைப் பறைசாற்றச் செய்திருந்தான்: இடித்துரைப்பவருக்குத் தண்டனை உண்டு. இதன்பின் நிகழ்ந்தவற்றை நூல் மிகச் சில சொற்களில் சொல்லி முடிக்கிறது. யான் ஆற்றைக் கடக்கையில் அணிவகுப்பு குலைந்தது, கடந்தபின் மீண்டும் ஒழுங்குபடுத்தப்படவில்லை, காவலும் வைக்கப்படவில்லை. லுவோ படையும் லூரோங் மக்களும் இருபுறமும் நெருக்கிப் பெருந்தோல்வியைத் தந்தார்கள். சியூ ஷியா பள்ளத்தாக்கொன்றில் தூக்கிட்டு இறந்தான். எஞ்சிய தலைவர்கள் தங்களையே சிறைப்படுத்திக்கொண்டு தண்டனைக்குக் காத்திருந்தார்கள். அரசர், குற்றம் தம்முடையதே என்று சொல்லி அனைவரையும் விடுவித்தார்.

கதையின் அச்சு அந்த ஆணையில்தான் இருக்கிறது. அணிவகுப்பு குலைந்ததைப் படைவீரர்கள் கண்ணால் கண்டிருப்பார்கள். காவல் இல்லாததை அதிகாரிகள் அறிந்திருப்பார்கள். ஒரு சொல் போதும். அந்தச் சொல்லுக்கு விலை தண்டனை. 701இல் அஞ்சி நின்றவன் பிறர் சொல் கேட்டு வென்றான். 699இல் அஞ்சாதவன் பிறர் சொல்லைத் தடைசெய்து அழிந்தான். அச்சத்தோடு இருந்தபோது அவனுக்கு ஆசிரியர் இருந்தார். அச்சம் நீங்கியபோது ஆசிரியரும் நீங்கினார்.

தொடரின் வரலாறு இத்துடன் முடிந்துவிடவில்லை. சீன அகராதிகள் இதற்கு இன்னொரு பழைய மூலத்தையும் காட்டுகின்றன. போரிடும் நாடுகளின் காலத்து அரசியல் உரையாடல்களை லியூ ஷியாங் தொகுத்த 'ஜான்குவோ சே' என்ற நூலில், சீ நாட்டைச் சேர்ந்த மெங்சாங் பிரபுவைப் பற்றிய கதை அது. அந்நூலின் உரையாடல்களை நேரடி வரலாறாகக் கொள்ள முடியாது. சொல்வன்மையைக் காட்டப் புனைந்தவை அதில் பல. ஆனால் ஒரு தொடர் எந்தச் சூழலில் எந்தப் பொருளில் ஆளப்பட்டது என்பதற்கு அது நல்ல சான்று.

பல நாடுகளைச் சுற்றிவந்த மெங்சாங் பிரபுவுக்குச் சூ நாடு தந்தத்தாலான கட்டில் ஒன்றைப் பரிசளிக்கிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு ஒரு சிறிய அதிகாரியின் தலையில் விழுகிறது. அவனுக்கு நடுக்கம். ஆயிரம் பொன் மதிப்புள்ள கட்டிலில் மயிரிழை அளவு கீறல் விழுந்தாலும், மனைவி மக்களை விற்றாலும் ஈடுகட்ட முடியாது. பிரபுவின் அவையில் இருந்த கோங்சுன் ஷூவிடம் வந்து, இப்பணியிலிருந்து தப்புவித்தால் தன் முன்னோரின் வாளைத் தருவதாகச் சொல்கிறான். கோங்சுன் ஷூ பிரபுவிடம் சென்று பேசுகிறான். சிறு நாடுகள் பிரபுவை மதிப்பது அவர் ஏழைகளையும் நலிந்தோரையும் தாங்குபவர் என்பதால். இங்கே இப்பெரும் பரிசைப் பெற்றுக்கொண்டால் இனிச் செல்லும் நாடுகள் எதைக் கொண்டு வரவேற்கும்? பிரபு ஒப்புக்கொண்டு கட்டிலை மறுத்துவிடுகிறார். கோங்சுன் ஷூ விரைந்து வெளியேறுகிறான். நடுவாயிலைத் தாண்டுவதற்குள் பிரபு அவனைத் திரும்ப அழைக்கிறார். நீ சொன்ன அறிவுரை மிக நன்று. ஆனால் உன் கால் ஏன் இவ்வளவு உயர்கிறது, உள்ளம் ஏன் இவ்வளவு எழுகிறது என்று கேட்கிறார்.

உயர்ந்த கால், எழுந்த உள்ளம்: மரபுத்தொடரின் இரு பாதிகளும் சேர்ந்து நிற்கும் இடம் இது. சோ ஜுவானின் இலக்கணப்படி இங்கும் அழிவு வந்திருக்க வேண்டும், வரவில்லை. கோங்சுன் ஷூ உண்மையைச் சொல்லிவிடுகிறான். மூன்று மகிழ்ச்சிகள் தனக்கு: நூற்றுக்கணக்கானோர் இருந்தும் எவரும் இடித்துரைக்கத் துணியாதபோது தான் துணிந்தது ஒன்று, சொன்னது கேட்கப்பட்டது ஒன்று, தலைவரின் பிழையைத் தடுத்தது ஒன்று. இவற்றோடு ஒரு வாளும் கிடைக்கவிருக்கிறது. பிரபு சினக்கவில்லை, வாளை உடனே பெற்றுக்கொள்ளச் சொல்கிறார். பின்பு தம் வாயிற்பலகையில் ஓர் அறிவிப்பை எழுதி வைக்கிறார். தம் பெயரை உயர்த்தக்கூடியவர், தம் பிழையை நிறுத்தக்கூடியவர் எவராயினும், வெளியே தனியாகப் பரிசு பெற்றிருந்தாலும் சரி, விரைந்து உள்ளே வந்து இடித்துரைக்கலாம்.

இரு கதைகளையும் அருகருகே வைத்தால் ஒற்றுமை காலில் இருக்கிறது. வேற்றுமை அறிவிப்பில் இருக்கிறது. ஒருவன் இடித்துரைப்பவருக்குத் தண்டனை என்று பறைசாற்றினான். இன்னொருவர், கைக்கூலி பெற்றவராயினும் இடித்துரைக்க வருக என்று எழுதி வைத்தார். இரண்டாம் கதையில் கால் உயர்ந்தவன் அதிகாரம் உடையவன் அல்லன். அதிகாரத்தின் முன் பேசத் துணிந்த பணியாளன். அவனுடைய துள்ளல், ஒரு நல்ல சொல் கேட்கப்பட்டதன் மகிழ்ச்சி. அதில் வாள் கிடைக்கும் ஆசையும் கலந்திருந்தது. கதை அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த நடையைத் தண்டனைக்குரியதாக அது காட்டவுமில்லை. பிரபு செய்தது, காலைக் கண்டதும் கேள்வி கேட்டது. தோவ் போபி காலைக் கண்டதும் தீர்ப்புச் சொன்னார். பின்வந்த மொழிவழக்கு கேள்வியை விட்டுத் தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். உடலின் நிலையைக் கொண்டு உள்ளத்தை அளப்பது பழஞ்சீனப் பண்பாட்டின் அடித்தளங்களுள் ஒன்றல்லவா? உண்மைதான். 'லீ ஜி' என்னும் சடங்குநூல் சான்றோனின் உடல்நிலைகளை ஒவ்வொன்றாக வகுத்துச் சொல்கையில், கால் கனமாக ஊன்ற வேண்டும் என்பதையே முதலில் வைக்கிறது. சோ ஜுவானிலும் உடலைப் படித்து எதிர்காலம் சொல்லும் கதைகள் பல. பொ.ஆ.மு. 495இல் ஜூ நாட்டுக் கோமகன் லூ நாட்டுக்கு வந்தபோது, ஜேட் கல்லை மிக உயர்த்தி, முகத்தை நிமிர்த்தி வழங்கினான். லூ நாட்டுத் திங் கோமகன் மிகத் தாழ்த்தி, முகத்தைக் கவிழ்த்துப் பெற்றான். கன்ஃபூசியஸின் மாணவர் ஸிகோங் இதைக் கண்டு, உயர்த்தியது செருக்கு, தாழ்த்தியது தளர்ச்சி, இருவருக்கும் கேடு வரும் என்றார். திங் கோமகன் அவ்வாண்டே இறந்தான்.

ஆனால் அக்கதை அங்கே முடியவில்லை. கன்ஃபூசியஸ் மாணவரைப் பாராட்டவில்லை. சொன்னது பலித்தது ஸிகோங்கின் நற்பேறின்மை, அது அவரை இன்னும் அதிகம் பேசுபவராக ஆக்கிவிடும் என்றே சொன்னதாக நூல் பதிவுசெய்கிறது. உடலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தின் ஆபத்தை அந்த மரபே அறிந்திருந்தது. பலித்த ஒரு கணிப்பு, பலிக்காத பலவற்றை மறக்கச் செய்யும். மேலும், சியூ ஷியாவின் தோல்விக்கும் அக்கதை நூலாகத் தொகுக்கப்பட்ட காலத்துக்கும் இடையே ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் உள்ளன. முடிவு தெரிந்தபின் எழுதப்படும் கதையில் கால் உயர்ந்தவன் தோற்காமல் இருக்க வழியில்லை. காலை உயர்த்தி நடந்து வென்று திரும்பியவர்கள் எத்தனை பேரோ; அவர்களின் நடையைக் குறித்துவைக்க எவருக்கும் தேவை எழவில்லை.

சீன மொழியே இந்த வேறுபாட்டைத் தன் சொல்வளத்துக்குள் காத்துவைத்திருக்கிறது. 'ஆங் ஷோவ் திங் சியுங்' என்ற தொடர் தலை நிமிர்ந்து, மார்பு விரிந்து நிற்பதைச் சொல்லும். அதில் பழிப்பு இல்லை. 'ஆங் ஷோவ் குவோ பூ' என்பது தலை நிமிர்ந்து அகன்ற அடி வைப்பது. இன்று பெரும்பாலும் பாராட்டாகவே வழங்குகிறது. தலை உயர்வது குற்றமன்று, மார்பு விரிவது குற்றமன்று, அடி அகல்வதும் குற்றமன்று. தரையை விட்டுக் கால் எழுவதே குற்றம். இதன் எதிர்நிலையாக 'ஜியாவ் தா ஷி தி' என்ற தொடர் உண்டு: கால் உறுதியான நிலத்தில் ஊன்றுவது. சோங் காலத்து வரலாற்றறிஞர் சீமா குவாங்கை (1019–1086) அவருடைய நண்பரும் மெய்யியலாளருமான ஷாவ் யோங் இவ்வாறு குறித்ததாக வழங்குகிறது. 19 ஆண்டுகள் உழைத்து, 294 பாகங்கள் கொண்ட வரலாற்றை 1084இல் முடித்தவருக்கு அது பொருந்திய சொல்.

தமிழ்ச் சொல்வழக்கு செருக்கைப் பெரும்பாலும் உடலின் மறுமுனையில் வைக்கிறது. தலைக்கனம் பிடித்தவன் என்கிறோம். கனம் தலையில் ஏறுவது குறை. பழஞ்சீனச் சடங்குநூலிலோ கனம் காலில் இருப்பது நிறை. ஆனால் மகிழ்ச்சியில் மிதப்பவனுக்குக் கால் தரையில் பாவவில்லை என்று தமிழும் சொல்லும். நிலைதடுமாறியவன் தலைகால் புரியாமல் ஆடுகிறான் என்றும் சொல்லும். நிலத்தில் தோயாத கால் தேவர்களுக்குரியது என்பது இந்தியக் கதைமரபு. தமயந்தியின் சுயம்வரத்தில் தேவர்களை நளனிடமிருந்து பிரித்தறிய உதவிய அடையாளங்களுள் அதுவும் ஒன்று. மனிதக் கால் நிலத்தில் நிற்க வேண்டும் என்பதில் இரு மொழிகளும் ஒத்துப்போகின்றன. வேறுபாடு எழுவது, யாருடைய கால் என்ற கேள்வியில்.

இந்தியச் சூழலில் அக்கேள்வியைத் தவிர்க்க முடியாது. குறிப்பிட்ட சாதியினரின் தெருவில் ஒடுக்கப்பட்டோர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இந்நாட்டின் பல ஊர்களில் இருந்தது. அதன் எச்சம் இன்னும் முழுதாக அழியவில்லை. அத்தெருவில் செருப்பணிந்து நடந்தவனுக்குக் கிடைத்த பெயர் 'திமிர் பிடித்தவன்'. அவன் எவரையும் இழிவாகப் பேசவில்லை, எவர் சொல்லையும் தடைசெய்யவில்லை, நடந்தான், அவ்வளவே. செருக்கைக் காலில் தேடும் சொல்வழக்கு இவ்விடத்தில் என்ன வேலை செய்கிறது என்பது வெளிப்படை. குனிந்து நடக்க மறுப்பவனையும் பிறர் வாயை அடைப்பவனையும் அது ஒரே சொல்லால் சுட்டுகிறது. அதன் பயன் எப்போதும் இரண்டாமவனுக்கே போய்ச் சேருகிறது.

பல்கலைக்கழகங்களும் இதற்கு விலக்கல்ல. கருத்தரங்கில் எழுந்து நின்று மூத்தவரின் முடிவை மறுக்கும் மாணவரைப் பற்றிப் பின்னர் பேசப்படுவது, பெரும்பாலும் அவர் வைத்த வாதம் அன்று. அவர் நின்ற தோரணை. குரல் உயர்ந்தது, பணிவு இல்லை, நடை சரியில்லை என்று அவர் உடலே பாடமாகிறது. அதேவேளை, மெல்லிய குரலும் தாழ்ந்த பார்வையும் கொண்ட ஒரு துறைத்தலைவர் தம் துறையில் எவரும் மாற்றுக் கருத்தைச் சொல்ல முடியாத நிலையை உருவாக்கியிருக்கலாம். அவர் காலை உயர்த்தி வைப்பதில்லை. ஆகவே அவரைச் செருக்கர் என்று எவரும் அழைப்பதில்லை. சியூ ஷியாவின் ஆணை இன்று பறைசாற்றப்பட வேண்டியதில்லை. பரிந்துரைக் கடிதம் யார் கையில், ஆய்வேட்டை அனுப்பும் கையொப்பம் யாருடையது என்பது தெரிந்தாலே போதும். படை தானாக வாய்மூடி ஆற்றைக் கடக்கும்.

தமிழில் 'இடித்துரைத்தல்' என்ற சொல் வெகு காலமாக மதிப்புக்குரியதாக இருந்துவருகிறது. அரசனைச் சூழ்ந்து இடித்துரைப்போர் வேண்டும் என்பது தமிழ் அறநூல் மரபுக்கும் பழக்கமான கருத்து. சீனச் சடங்குநூல்களும் தமிழ் அறநூல்களும் தத்தம் வழியில் ஒரே அச்சத்தைப் பேசுகின்றன: கேட்காத காது. அந்த அச்சத்தைக் காலின் உயரமாகச் சுருக்கியது மரபுத்தொடரின் சிக்கனம். நான்கு எழுத்துகளுக்குள் ஒரு கதையை அடக்கும்போது எதையாவது விட்டுவிடத்தான் வேண்டும். கண்ணுக்குத் தெரிவது தங்கியது; காதுக்குரியது நழுவியது.

மொழி கற்பிப்போருக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. சாந்திநிகேதனில் 1937இல் சீன பவனம் திறக்கப்பட்ட காலந்தொட்டு இந்தியாவில் சீனம் கற்பிக்கப்பட்டுவருகிறது. மரபுத்தொடர்களைப் பட்டியலாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிப் பொருளை எழுதி மனப்பாடம் செய்வது தேர்வுக்கு எளிது. ஆனால் 'ஜி காவ் சி யாங்' என்பதற்குச் 'செருக்கு' என்று எழுதி மதிப்பெண் பெறும் மாணவர் தெங் மானைச் சந்திப்பதில்லை. வாயிற்பலகையில் எழுதிய பிரபுவையும் சந்திப்பதில்லை. குற்றம் தம்முடையது என்று சொன்ன அரசரையும் சந்திப்பதில்லை. அவர்கள் இல்லாத இடத்தில் எஞ்சுவது, பிறர் நடையைப் பார்த்து வைய ஒரு வசைச்சொல். மூலக்கதையோடு சேர்த்துப் படித்தால் அதே நான்கெழுத்தும் அதிகாரத்தில் இருப்பவரை நோக்கிய கேள்வியாகிவிடும்.

கதைகள் இரண்டும் அந்தக் கேள்வியின் சொற்களைத் தெளிவாகவே தந்துவிட்டன. ஒருவருடைய கால் எவ்வளவு உயர்கிறது என்று பார்ப்பது எளிது. தெருவில் நிற்கும் எவரும் பார்த்துவிடலாம். அவருடைய முகாமில் அணிவகுப்பு குலையும்போது, குலைகிறது என்று ஒரு சாதாரண வீரனால் அச்சமின்றிச் சொல்ல முடிகிறதா என்பதை அறிய உள்ளே சென்றுதான் பார்க்க வேண்டும். செருக்கை அளக்க அதைவிட நேரான அளவுகோல் இல்லை.